இரும்புக்கு முன்னால் ஓர் உடுக்குறி: *ஈஸர்னொம் எங்கிருந்து வந்தது?

#1 ஆலமரத்தடி

ஆங்கிலத்தில் அயர்ன், ஜெர்மனில் ஐசன், டச்சில் ஐசர். மூன்றும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்தாலே தெரிகிறது. நேற்று இதைப் பற்றி வாசிக்கப்போய்த் தூக்கம் கெட்டது. இந்தச் சொல் ஜெர்மானியருக்கு (இந்த மூன்று மொழிகளின் முன்னோருக்கு) சொந்தமே இல்லையாம், கெல்ட்டியரிடம் (ஐரிஷ், வெல்ஷ் மொழிகளின் முன்னோரிடம்) வாங்கிய கடனாம். சரி, கெல்ட்டியருக்கு யார் கொடுத்தது என்று தேடினால் அகராதிக்கு அகராதி கதை மாறுகிறது. ஒன்று ரத்தம் என்கிறது, இன்னொன்று வலிமை என்கிறது, மூன்றாவது 'மூலம் தெரியவில்லை' என்று கையை விரிக்கிறது.

மூலக் கெல்ட்டியச் சொல்லை உடுக்குறி போட்டு *ஈஸர்னொம் என்று எழுதுகிறார்கள். சில இடங்களில் குறிலாக *இஸர்னொம். இது அச்சுப் பிழையா, நிஜமாகவே சண்டையா? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். எனக்கு மொழியியல் பாடம் எதுவும் கிடையாது, ஆர்வம் மட்டும்தான்.

#2 வேற்றுமைத்தொகை

அச்சுப் பிழை இல்லை. அந்தக் குறில், நெடில் கேள்வியில்தான் எல்லாமே தொங்குகிறது. அதற்கு முன்னால் சாட்சிகளை வரிசையாகக் கூப்பிடுவோம்.

உடுக்குறி போட்டிருந்தால் அந்தச் சொல்லை எவரும் எழுதிப் பார்த்ததில்லை என்று பொருள். பிள்ளைகளின் முகத்தை வைத்துப் பாட்டியின் முகத்தை வரைவது போல. பிள்ளைகள் இவர்கள்: பழைய ஐரிஷில் ஈஅர்ன், வெல்ஷில் ஹையர்ன், பிரெத்தோனில் ஹூவர்ன், பழைய கார்னிஷில் ஹொயர்ன். கவனித்தீர்களா, எதிலும் ஸகரம் இல்லை. இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்த ஸகரம் இந்த மொழிகளில் ஹகரமாகத் தேய்ந்தது. ஐரிஷில் அதுவும் போய்விட்டது. வெல்ஷில் அந்த ஹகரம் நடுவிலிருந்து நழுவி சொல்லின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஹையர்னில் இருக்கும் 'ஹ' அப்படி இடம் மாறியதுதான்.

அப்படியானால் ஸகரம் இருந்தது என்று எப்படித் தெரியும்? பிரான்ஸில் பேசிய பழைய கெல்ட்டியமான கோலிய மொழி அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஜூரா மலைப் பகுதியில் வாழ்ந்த எவுகெந்துஸ் என்ற மடத் தலைவரின் வரலாறு 6ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதப்பட்டது. அவர் பிறந்த இடத்துக்குப் பக்கத்து ஊரின் பெயர் இஸர்னொதோரி என்றும், கோலிய மொழியில் அதற்கு 'இரும்பு வாசல்' என்று பொருள் என்றும் அந்த நூல் சொல்கிறது. அங்கே பழைய தெய்வத்துக்குப் பெரிய கோயில் இருந்ததாம், அதன் அடைப்பு அவ்வளவு உறுதியாம், அதனால் அந்தப் பெயராம். ஊர் இன்றும் இருக்கிறது, இஸெர்னோர் என்ற பெயரில்.

எனக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும். மறையும் நிலையில் இருந்த ஒரு மொழியின் ஒரு சொல்லுக்கு, அந்தப் பக்கத்து ஆளே பொருள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் சும்மா அடித்துவிடவில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. எண்ட்லிஹர் சொற்பட்டியல் என்று ஒரு சிறிய கோலியப் பட்டியல் கிடைத்திருக்கிறது. அதிலும் 'தோரொ' என்பதற்கு வாசல் என்றே பொருள் எழுதியிருக்கிறது.

ஆனால் லத்தீன் எழுத்து குறில், நெடிலைக் காட்டாது. ஆக இஸர்னொவா, ஈஸர்னொவா என்று இந்தச் சாட்சியிடம் கேட்டால் வாயைத் திறக்காது. நெடிலுக்கான நேர்ச் சாட்சி ஜெர்மானியக் கிளையில்தான் இருக்கிறது. கோதிக்கில் ஈஸர்ன், பழைய உயர் ஜெர்மனிலும் ஈஸர்ன். இரண்டிலும் நெடில் தெளிவு.

#3 ஓரமாய்ஒருவன்

ஒரு சின்ன சந்தேகம். நெடிலைக் காப்பாற்றியவர்கள் ஜெர்மானியர் என்றால், சொல்லே அவர்களுடையது, கெல்ட்டியர்தான் வாங்கினார்கள் என்று ஏன் சொல்லக் கூடாது?

#4 வேற்றுமைத்தொகை

கேட்க வேண்டிய கேள்விதான்.

ஜெர்மானியர் கெல்ட்டியரிடம் வாங்கினார்கள் என்று அடித்துச் சொல்லக்கூடிய சொற்கள் சில உண்டு. அவற்றில் முதலாவது அரசன். லத்தீன், சமஸ்கிருதம், கெல்ட்டியம், ஜெர்மானியம் எல்லாவற்றுக்கும் தாயான மூல இந்தோ-ஐரோப்பியத்தின் நெடில் ஏகாரம் கெல்ட்டியத்தில் ஈகாரமாகிவிடும். லத்தீனில் ரேக்ஸ், ஆனால் கோலியத்தில் ரீக்ஸ் (ரோமானியரை எதிர்த்த வெர்சிங்கெடோரிக்ஸின் வால் அதுதான்), ஐரிஷில் ரீ. ஜெர்மானியத்தில் இந்த மாற்றம் கிடையாது. அப்படியிருக்க, கோதிக்கில் 'ரீக்ஸ்' என்று ஈகாரத்தோடு நிற்கிறது. கையும் களவுமாகப் பிடிபட்ட கடன். அதிலேயே இன்னொன்றும் தெரிகிறது. கெல்ட்டிய ககர மெய்யின் மெல்லொலி (g) ஜெர்மானியத்தில் வல்லொலியாகியிருக்கிறது (k). அதாவது ஜெர்மானிய மெய்களைப் புரட்டிப்போட்ட கிரிம் விதி நடப்பதற்கு முன்பே சொல் உள்ளே வந்துவிட்டது.

இப்போது இரும்புக்கு வாருங்கள். ஸ, ர, ன. கிரிம் விதி தொடக்கூடிய ஒரு வல்லினம்கூட இதில் இல்லை! முத்திரை குத்தக் காகிதமே இல்லாத பயணி மாதிரி, எந்தச் சோதனைச் சாவடியிலும் மாட்டாமல் நடந்து போயிருக்கிறது. ஆக நேரடி ஒலிச் சான்று என்று பார்த்தால் ஒன்றுதான் மிச்சம்: அந்த ஈகாரம் ஏகாரத்திலிருந்து வந்தது என்று காட்ட முடிந்தால், அது கெல்ட்டியம் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் சூழ்நிலைச் சான்று. கெல்ட்டியரோடு சேர்த்துப் பேசப்படும் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பண்பாட்டில் கி.மு. 800 வாக்கில் இரும்பு வாள் புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஜெர்மானியரோடு சேர்த்துப் பேசப்படும் வட ஜெர்மனியின் யாஸ்டார்ஃப் பண்பாட்டில் இரும்பு பரவியது அதற்கு இரண்டு நூற்றாண்டுகள் பிந்தி. பொருள் தெற்கிலிருந்து வடக்கே போனது, பெயரும் கூடவே போயிருக்கும் என்பது நியாயமான ஊகம். ஊகம்தான். ஹால்ஸ்டாட் கல்லறைகளில் படுத்திருப்பவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்று ஒரு கல்லும் சொல்லவில்லை.

#5 புறநகர்ப்புலவன்

எல்லாரும் எங்கெங்கோ போகிறீர்கள். தமிழில் அயம் என்றால் இரும்பு. அயக்காந்தம் என்கிறோமே. அயம், ஐஸ், ஈஸ். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? இரும்பை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் பெயரையும் சேர்த்துத்தான் கொடுத்திருப்பார்கள்.

#6 வேற்றுமைத்தொகை

புலவரே, அயம் நம் பக்கம் வந்தது சமஸ்கிருத 'அயஸ்' வழியாக. அந்த அயஸுக்கு ஐரோப்பாவில் உறவு இருப்பது உண்மை. லத்தீன் 'ஐஸ்' (வெண்கலம், காசு), கோதிக் 'அய்ஸ்'. ஆகவே நீங்கள் மோப்பம் பிடித்த திசை வீண் இல்லை. இந்த அயஸ் குடும்பத்திலேயே *ஈஸர்னொமையும் சேர்க்கலாமா என்று பலர் பார்த்தாயிற்று.

சேரவில்லை. முதல் எழுத்து அகரம். கெல்ட்டியத்தில் அகரம் அப்படி ஈகாரமாகாது. அதைவிடப் பெரிய இடி: உல்ஃபிலாவின் 4ஆம் நூற்றாண்டுக் கோதிக் பைபிளில் அய்ஸும் இருக்கிறது, ஈஸர்னும் இருக்கிறது. முதலாவது காசு, இரண்டாவது காலில் மாட்டும் விலங்கு. ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனி அறையில் இருந்திருக்கிறார்கள்.

#7 புறநகர்ப்புலவன்

சரி, அயத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த 'ரத்தம்' கதையை நீங்கள் எப்படி ஏற்கிறீர்கள்? நமக்குச் சிவப்பு என்றால் செம்பு. பெயரிலேயே செம்மை இருக்கிறது. இரும்புக்குக் கரும்பொன் என்றே பெயர் உண்டு. வட மொழியிலும் அதே கதைதான்: அதர்வ வேதத்தில் கறுத்த உலோகம் ஒன்று, செந்நிற உலோகம் ஒன்று என்று பிரித்துச் சொல்லியிருக்கிறது. கறுத்தது இரும்பு, சிவந்தது செம்பு என்றுதான் பொருள் கொள்கிறார்கள். இரும்பைப் பார்த்து எவனாவது ரத்தம் என்பானா?

#8 வேற்றுமைத்தொகை

இது நல்ல அடி. ரத்தக் கருத்துக்கு எதிராக நான் கேட்டதிலேயே நேர்மையான கேள்வி இதுதான். முதலில் அந்தக் கருத்து என்ன என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

இதை முன்வைத்தவர் அமெரிக்க மொழியியலாளர் வாரன் கவ்கில். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் ரத்தத்துக்கு ஒரு மிகப் பழைய சொல் உண்டு. ஹிட்டைட்டில் ஏஸ்ஹர், சமஸ்கிருதத்தில் அஸ்ருக், தொகாரியத்தில் யஸர், லாட்வியத்தில் அஸின்ஸ். ஹிட்டைட் வடிவத்தின் நடுவே இருக்கும் அந்த ஹகரத்தைப் பாருங்கள். அது பழைய தொண்டையொலி. மற்ற மொழிகளில் அது பல இடங்களில் உயிராகக் கரைந்துவிட்டது, கெல்ட்டியத்தில் அகரமாக. இப்போது அந்த ரத்தச் சொல்லின் முதல் உயிரை நீட்டி, கடைசியில் 'னொ' ஒட்டி, 'ரத்தம் போன்றது, செந்நிறமானது' என்று ஓர் அடைச்சொல் செய்யுங்கள். ஏஸர்னொ. கெல்ட்டியத்தில் ஏகாரம் ஈகாரமாகும் என்றேனே, அரசன் கதை. ஈஸர்னொ! ஸகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவே அகரம் ஏன் வந்தது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

முதல் தடவை இதைப் படித்தபோது பூட்டுக்குள் சாவி திரும்பிய சத்தம் கேட்டது போல இருந்தது. அதனாலேயே சந்தேகமும் வந்தது. இவ்வளவு அழகாகப் பொருந்தினால் இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

பொருள் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு உலோக அறிவு போதாது. துருத்தி அண்ணா இருந்தால் வரட்டும்.

#9 உலைத்துருத்தி

வந்துவிட்டேன். மொழியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, உலையைப் பற்றிச் சொல்கிறேன்.

இரும்பு கறுப்பு என்று சொல்பவர் கடையில் கத்தி வாங்கியவர். மண்ணைத் தோண்டியவரைக் கேளுங்கள், சிவப்பு என்பார். ஹெமடைட் என்ற தாதுவின் பெயரே கிரேக்க 'ரத்த'த்திலிருந்து வந்தது. வெளியே சாம்பலாக மின்னும் கட்டியைக்கூட ஒரு வெள்ளை ஓட்டில் உரசினால் செக்கச்செவேல் என்று கோடு விழும். வட ஐரோப்பாவில் சதுப்பு நிலத் தாது நிறையக் கிடைத்தது. தண்ணீரே துருநிறத்தில் கசியும், அடியில் செம்பழுப்பாகக் கட்டி கட்டியாகப் படியும். அப்புறம் துரு. வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே போதும்.

இதற்கு வெளியிலிருந்தும் ஒரு சாட்சி சொல்லலாம். ஃபின்னிஷ் மொழியில் இரும்புக்கு 'ரவுதா'. அது பழைய ஜெர்மானியத்தில் சிவப்பைக் குறித்த சொல்லின் கடன் என்று எங்கோ படித்தேன். பழைய நார்ஸில் சதுப்புத் தாதுவுக்கு 'ரவுதி' என்று பெயர். தொகை அக்கா சரிபார்த்துச் சொல்லட்டும். உண்மையானால், இரும்பைச் சிவப்பு என்று அழைத்த ஆட்கள் நிஜமாகவே இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. 'வலிமையான உலோகம்' என்ற கதையை உலைக்காரன் அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டான். செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், இரும்புக்கு 1,538 வேண்டும். அந்தக் கால உலையில் இரும்பு உருகி ஓடவே இல்லை. கசடும் ஓட்டையுமாகப் பஞ்சு போல ஒரு கட்டி வரும். அதைக் காய்ச்சிக் காய்ச்சி அடித்துக் கசடைப் பிதுக்கி வெளியேற்ற வேண்டும். அப்படிக் கிடைத்த தேனிரும்பு, நன்றாக அடித்து இறுக்கிய வெண்கலத்தைவிட உறுதியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கரி சேர்த்து எஃகாக்கித் தண்ணீரில் தோய்த்த பிறகுதான் இரும்பு வெண்கலத்தை ஜெயித்தது. முதலில் ஜெயித்தது விலையில்: தாது எங்கும் கிடைத்தது. வெண்கலத்துக்கு வெள்ளீயம் தேடி நெடுந்தூரம் போக வேண்டியிருந்தது.

#10 வேற்றுமைத்தொகை

ரவுதா விஷயம் சரிதான் அண்ணா.

#11 மியூனிக்மழை

நான் இருப்பது மியூனிக். ஊர் நடுவே ஓடும் ஆறு ஈஸர். தினமும் பாலத்தைக் கடக்கும்போது இந்த இழை ஞாபகம் வருகிறது. இரும்புக்கும் ஆற்றுக்கும் தொடர்பு உண்டா, வெறும் பெயர் ஒற்றுமையா?

#12 வேற்றுமைத்தொகை

நேராகப் போட்டிக் கருத்தின் வாசலுக்கே வந்துவிட்டீர்கள்.

உங்கள் ஈஸர், பிரான்ஸின் இஸேர், பாரிஸுக்கு வடக்கே ஓடும் உவாஸ் மூன்றுக்கும் பழைய பெயர் இஸரா. இந்தப் பெயரைச் சமஸ்கிருத 'இஷிர' என்பதோடு சேர்ப்பார்கள்: வேகமுள்ள, துடிப்பான, வலிய. கிரேக்கத்தில் 'ஹியெரொஸ்', பிற்காலத்தில் புனிதம் என்று பொருள்பட்டாலும் ஹோமரில் சில இடங்களில் வலிமையின் வாடை அடிக்கும். ஓடும் ஆற்றுக்குப் பொருத்தமான பெயர்தான். இந்த வேரோடு 'னொ' ஒட்டினால் இஸர்னொ, 'வலிய உலோகம்'. குறில் இகரம் வேண்டும் என்பவர்களுக்கு இது கச்சிதம். அகரத்துக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது, ஏனென்றால் இந்த வேரிலும் அதே தொண்டையொலி இருக்கிறது.

சிக்கல் நெடிலில். ஜெர்மானியத்தின் ஈகாரத்தை இந்த வேரிலிருந்து எடுக்க வேண்டுமானால் 'எய்ஸ்' என்று தொடங்கும் வடிவம் தேவை. கெல்ட்டியத்தில் எய் ஏகாரமாகுமே தவிர ஈகாரமாகாது. 1959-இல் முடிந்த பெரிய இந்தோ-ஐரோப்பிய அகராதியின் ஆசிரியர் யூலியுஸ் போகோர்னி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சொல் பழைய பால்கன் மொழியான இல்லிரியத்திலிருந்து வந்தது, அங்கே எய் ஈயானது, அங்கிருந்து கெல்ட்டியர் வாங்கினார்கள். இல்லிரிய மொழியில் தொடர்ச்சியாகப் படிக்க ஒரு பக்கம்கூட நம் கையில் இல்லை. ஊர்ப் பெயரும் ஆட்பெயரும்தான். அதனால் அந்த மொழியின் தலையில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், அதுவும் மறுக்காது. பெரிய அறிஞர்தான், ஆனால் அந்தக் காலத்தில் இல்லிரியம் ஒரு பரண் மாதிரி. கீழே இடம் இல்லாததெல்லாம் மேலே.

#13 ஓரமாய்ஒருவன்

ஒரு காணொளியில் வேறு மாதிரி சொன்னார்கள். பழைய இத்தாலியில் பேசிய எத்ருஸ்கனில் 'அய்ஸர்' என்றால் தெய்வம். முதல் இரும்பு விண்கல்லில் கிடைத்தது. ஆகவே 'தெய்வ உலோகம்'.

#14 வேற்றுமைத்தொகை

அய்ஸர் உண்மை. சுவெதோனியுஸ் எழுதிய அகஸ்டஸ் வரலாற்றில் ஒரு கதை வருகிறது. சிலையில் பொறித்திருந்த சீஸர் என்ற பெயரின் முதல் எழுத்தை மின்னல் உருக்கிவிட்டது. அந்த எழுத்து ரோம எண்களில் 100. ஆகவே இன்னும் 100 நாள்தான் ஆயுள், அப்புறம் தெய்வமாகிவிடுவார், ஏனென்றால் மிச்சமிருக்கும் 'எஸர்' எத்ருஸ்கனில் தெய்வம் என்றார்களாம். அழகான கதை.

விண்கல்லும் உண்மை. எகிப்தியர் இரும்பை வானத்து உலோகம் என்றார்கள், துட்டன்காமுனின் குத்துவாள் விண்கல் இரும்பு என்று 2016-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. ஆனால் அந்த அரசருக்கும் ஹால்ஸ்டாட்டுக்கும் நடுவே ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் இடைவெளி. கெல்ட்டியர் மண்ணைத் தோண்டி இரும்பு எடுத்தவர்கள். தவிர, அய்ஸரின் 'அய்' எப்படி 'ஈ' ஆனது? அயம் விழுந்த அதே குழியில் இதுவும் விழுகிறது.

#15 ஆலமரத்தடி

சரி, நேராகக் கேட்கிறேன். அக்கா, உங்கள் வாக்கு யாருக்கு?

#16 வேற்றுமைத்தொகை

ரத்தத்துக்கு. ஆனால் கையை முழுதாகத் தூக்க மாட்டேன்.

தயக்கத்துக்கு முதல் காரணம், கெல்ட்டிய மொழிகளில் அந்த ரத்தச் சொல்லே இல்லை. ஐரிஷில் ரத்தம் 'ஃபுயில்', வெல்ஷில் 'க்வாய்த்'. இரண்டுக்கும் அந்த வேரோடு உறவில்லை. தாய் காணாமல் போய் மகள் மட்டும் தங்குவது நடக்கும், ஆனால் சாட்சி ஒன்று குறைகிறது. அப்புறம், முதல் உயிரை நீட்டி அடைச்சொல் செய்யும் பழக்கம் சமஸ்கிருதத்தில் தாராளம், கெல்ட்டியத்தில் அவ்வளவு இல்லை. மூன்றாவதுதான் என்னை உறுத்துவது. வெல்ஷ், பிரெத்தோன் வடிவங்களைப் பார்ப்பவர்கள் சிலர் அங்கே குறில்தான் பொருந்தும் என்கிறார்கள். அழுத்தம் விழாத முதல் அசையில், இன்னோர் உயிருக்கு முன்னால் நெடில் தானே குறுகியிருக்கலாம் என்று இந்தப் பக்கத்தார் சொல்கிறார்கள். குறுகியிருக்கலாம்தான். ஆனால் நம் கட்சிக்குச் சாதகமான இடத்தில் 'கலாம்' போடுகிறோம் என்று தெரிந்தே போட வேண்டும்.

மூன்றாவது கட்சியையும் ஒதுக்க மாட்டேன்: 'தெரியாது' கட்சி. லத்தீன் ஃபெர்ரும், கிரேக்க சிதெரொஸ் இரண்டுக்கும் இன்றுவரை ஒத்துக்கொண்ட வேர் கிடையாது. ஃபெர்ருமை மத்தியதரைக் கடலின் கீழைக் கரையோர மொழிகளின் 'பர்ஸில்' வகைச் சொற்களோடு சேர்த்துப் பார்க்கிறார்கள், முடிந்தபாடில்லை. இரும்பு அந்த மொழிகளெல்லாம் பிரிந்த பிறகு வந்த பொருள். கைமாறி வந்த சரக்கோடு பெயரும் கைமாறியிருந்தால், *ஈஸர்னொமும் நமக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒரு மொழியின் சொல்லாக இருக்கலாம். அப்போது ரத்தம், வலிமை இரண்டும் நாம் பிறகு தைத்த சட்டை.

#17 புறநகர்ப்புலவன்

'தெரியாது' என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமா?

#18 வேற்றுமைத்தொகை

எது ஏன் தெரியாது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம், புலவரே. அயம் இல்லை, தெய்வம் இல்லை, இல்லிரியம் இல்லை. மிச்சம் இரண்டு. நடுவே ஒரு மாத்திரை வித்தியாசம்.

#19 மியூனிக்மழை

கோடையில் காரில் ஜூரா பக்கம் போகிறோம். வரைபடத்தில் பார்த்தேன், இஸெர்னோர் வழியில்தான். இரும்பு வாசல் இருந்தால் படம் எடுத்துப் போடுகிறேன்.

#20 வேற்றுமைத்தொகை

வாசல் இருக்காது. ரோமர் காலத்துக் கோயிலின் மூன்று தூண்கள் நிற்கின்றன, அதை எடுங்கள்.

#21 உலைத்துருத்தி

தூணுக்குப் பக்கத்தில் மண் என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லுங்கள் தம்பி.